ராட்வைலர் நம்ம வீட்டுக்கு ஆகுமா?

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைகள் இருக்கிற வீட்டில் ராட்வைலர் வளர்க்கலாமா என்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அரசு கால்நடை மருத்துவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராட்வைலர் கெட்ட நாய் இல்லை. ஆனாலும் நம்ம பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது வேண்டாம். இரண்டும் எப்படிச் சேர்ந்து வரும் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். பூங்காக் காவலாளியின் மகள் அந்தக் குழந்தை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், மார்ச்சில், மத்திய அரசின் கால்நடைத் துறை இருபத்துமூன்று வகை நாய்களை மூர்க்கமானவை என்று பட்டியல் போட்டு, இறக்குமதி செய்யவோ விற்கவோ இனப்பெருக்கம் செய்யவோ கூடாது என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. பிட்புல், ராட்வைலர், கேன் கோர்சோ எல்லாம் அதில் இருந்தன. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் போட்ட உத்தரவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. பட்டியலில் 'டெரியர்கள்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி இருந்ததைப் பார்த்தபோது, எழுதியவர் நாயைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. டெரியரில் மடியில் தூக்கி வைத்துக்கொள்கிற அளவு குட்டை நாய்களும் உண்டே.

ஒரு கூட்டம் இப்படித் தடை கேட்கிறது. இன்னொரு கூட்டம், 'நாயில் கெட்ட நாயே கிடையாது, வளர்க்கிறவர்தான் கெட்டவர்' என்கிறது. இரண்டாவது கூட்டத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. 2022இல் சயன்ஸ் ஆய்விதழில், பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு, பல நாய்களின் மரபணுவையும் படித்து ஒரு ஆய்வு வந்தது. ஒரு நாயின் குணத்துக்கும் இன்னொரு நாயின் குணத்துக்கும் உள்ள வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்துக்குத்தான் இனம் காரணம் என்றது அது. நானும் ஒப்புக்கொள்கிறேன். என் கையில் இருக்கிற பல் தழும்புகளில் பெரும்பாலானவை பொமரேனியன் கொடுத்தவை. வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி இருக்கும், தடவப் போனால் சடாரென்று ஒன்று போடும். எந்தப் பேப்பரிலும் அது வராது.

வராததற்குக் காரணம் இருக்கிறது. பொமரேனியன் கடித்தால் நான் டெட்டால் போட்டுவிட்டு அடுத்த கேஸைப் பார்ப்பேன். வளர்ந்த ஆண் ராட்வைலரின் எடை சுமார் ஐம்பது கிலோ, பெண் நாற்பதைத் தாண்டும். அதன் வாயும் கழுத்துத் தசையும் அந்த எடைக்கு ஏற்றபடிதான் இருக்கும். ஒரே ஒரு தடவை, ஒரு நொடி கோபத்தில் கடித்தாலும் நாலு வயதுப் பிள்ளையின் முகம் என்ன ஆகும்? சின்னக் குழந்தைகளுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் கழுத்திலும்தான் விழும். அவர்கள் உயரம் அப்படி. அந்த ஆய்வு குணத்தைத்தான் பார்த்தது, கடியின் பலத்தை அல்ல. 9 சதவீதத்தைக் காட்டி இனமே ஒன்றுமில்லை என்று வாதாடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அதே சமயம் அந்த நாய்க்கு நியாயம் செய்ய வேண்டும். ஜெர்மனியின் தெற்கே ராட்வைல் என்று ஒரு ஊர். அங்கே கசாப்புக்காரர்கள் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போகவும், கறி வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய் இது. மேலப்பாளையம் சந்தைக்கு மாடு ஓட்டி வருகிறவரிடம் இப்படி ஒரு நாய் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். ரயில் வந்ததும் மாடு ஓட்டுகிற வேலை போயிற்று, நாயும் குறைந்தது. பிறகு 1910இல் போலீஸ் நாயாக ஏற்றுக்கொண்டார்கள். ஆக, நாள் முழுக்க மனுஷனோடு நடந்து, அவன் சொன்னதைக் கேட்டு வேலை செய்வதற்காக உருவான நாய். வேலையும் கூட்டாளியும் கொடுத்தால் தங்கமான நாய். வீட்டுப் பிள்ளைகளின் காலடியிலேயே கிடக்கும் ராட்வைலர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். பெருமாள்புரம், மகாராஜ நகர், கேடிசி நகர் பக்கம் போனால் தெருவுக்கு ஒரு வீட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' போர்டு தொங்கும். உள்ளே யார் இருப்பார்கள்? அறுபத்தைந்து வயது அம்மா, முழங்கால் வலி. அப்பா, சர்க்கரை. மகன் சென்னையிலோ துபாயிலோ. 'ரெண்டு பேரும் தனியா இருக்கீங்க, ஒரு பாதுகாப்பு வேணும்லா' என்று மகன் லீவில் வந்தபோது குட்டியை வாங்கி விட்டுவிட்டுப் போயிருப்பான். ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "டாக்டரம்மா, அவன் பாட்டுக்கு வாங்கிப் போட்டுட்டு ப்ளைட் ஏறிட்டான். நான் கயித்தப் பிடிச்சா நாய் என்னைய இழுத்துட்டுப் போவுது. கட்டியே போட்டிருக்கேன், வேற என்ன செய்யட்டும்?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாய் வேண்டும் என்று ஆசைப்பட்டது ஒருவர், அதோடு இருபத்துநாலு மணி நேரமும் இருப்பது இன்னொருவர். நம்ம பக்கத்தில் இந்த நாயின் கெட்ட பெயர் முக்கால்வாசி இங்கேதான் தயாராகிறது. அந்த அம்மாவின் எடையும் அந்த நாயின் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கட்டிப்போட்டால் என்ன நடக்கும் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். போர்டிகோவில் சங்கிலி. எதிரே கேட். காலையில் பால்காரர் வருவார், நாய் குரைக்கும், அவர் பாலை வைத்துவிட்டுப் போவார். அவர் பால் வைக்க வந்தார், வேலை முடிந்து போனார். நாய்க்கு அது தெரியாது. நான் குரைத்தேன், அவன் ஓடிவிட்டான் என்றுதான் அதன் கணக்கு. அப்புறம் கீரைக்காரம்மா, அப்புறம் கேஸ் சிலிண்டர், அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன் பந்து எடுக்க வருவான். ஒரு நாளைக்கு எத்தனை பேரை அது விரட்டி ஜெயிக்கிறது! வருஷக்கணக்கில் இப்படி ஜெயித்த நாய், ஒரு நாள் சங்கிலி அறுந்தோ கேட் திறந்தோ வெளியே வந்தால், எதிரே வருகிறவர் ஓடவில்லை என்றால், அதற்கு அடுத்து என்ன செய்வதென்று தெரிந்திருக்கிறது. யாரும் அதற்குக் கடிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. கட்டிப்போட்டார்கள், அவ்வளவுதான்.

இதற்கு மருந்து குட்டிப் பருவத்தில்தான் இருக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ, அதெல்லாம் உலகத்தில் சகஜம் என்று அதன் மனசில் பதிந்துவிடும். பிறகு வருவதெல்லாம் அந்நியம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதி சொல்கிறது. இங்கே முப்பது நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுக்கிறார்கள். தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வாங்கி வருகிறோம். வந்த பிறகு, தடுப்பூசி முடிகிற வரை வெளியே விடக்கூடாது என்று வீட்டுக்குள் பூட்டி வைக்கிறோம். பார்வோ என்கிற, குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோய் பற்றிய பயம் நியாயமானது, தரையில் விட வேண்டாம். ஆனால் தூக்கிக்கொண்டு போகலாமே. வண்ணார்பேட்டையில் பஸ் ஹாரன் கேட்கட்டும். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், பர்தா அணிந்தவர், தடி ஊன்றி நடக்கிறவர், தவழ்கிற குழந்தை எல்லாரையும் பார்க்கட்டும். பாளையங்கோட்டை தசரா மேளச் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்கட்டும். இதையெல்லாம் செய்ய ஆள் வேண்டும், நேரம் வேண்டும். முழங்கால் வலிக்காரம்மா செய்ய முடியுமா?

வெயிலையும் சொல்ல வேண்டும். அடர்ந்த கறுப்பு ரோமம், நம்ம அக்னி நட்சத்திரம், மொட்டை மாடி. நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிற நாய் எரிச்சலில்தான் இருக்கும். விடிவதற்கு முன்னால் நடை, பகலில் நிழலும் தண்ணீரும். முடியாது என்றால் வாங்காதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் வால். ராட்வைலருக்குக் குட்டியிலேயே வாலை ஒட்ட நறுக்கிவிடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அழகாம். வாலின் அசைவிலும் நிலையிலும்தான் நாய் பாதிச் செய்தியைச் சொல்லும். அதை வெட்டிவிட்டு, 'சொல்லாமல் கொள்ளாமல் கடித்துவிட்டது' என்கிறோம். உறுமலும் இதே கதைதான். உறுமினால் அடிக்கிறவர்கள் நிறைய. உறுமல் என்பது, போதும், தள்ளிப் போ என்று நாய் மரியாதையாகச் சொல்வது. அதை அடித்து நிறுத்தினால் உறுமாமல் கடிக்கக் கற்றுக்கொள்ளும். குழந்தை கட்டிப்பிடிக்கும்போது நாய் கொட்டாவி விடுவது, மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, அப்படியே உறைந்து நிற்பது எல்லாம் உறுமலுக்கு முன்னால் வருகிற செய்திகள். போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

வெளிநாட்டு நாயை மட்டும் சொன்னால் ஓரவஞ்சனை ஆகிவிடும். நமக்குப் பக்கத்தில் உள்ள ராஜபாளையத்து நாய்க்கும் கெட்ட பெயர் இல்லையா? 'வளர்த்தவனைத் தவிர யாரையும் சேர்க்காது, பொசுக்கென்று கடிக்கும்' என்பார்கள். 2005இல் தபால்தலையில் வந்த நாய் அது. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு: அந்த இனத்தில் பிறவிச் செவிடு சகஜம். தூங்குகிற செவிட்டு நாயைக் குழந்தை பின்னாலிருந்து தொட்டால் அது திடுக்கிட்டு எழுந்து வாயைப் போடத்தான் செய்யும். கூப்பிட்டால் வராத நாயைத் திமிர் பிடித்தது என்பார்கள், அதற்குக் கேட்கவே கேட்டிருக்காது. என்னிடம் கோபக்கார நாய் என்று கொண்டுவந்த ராஜபாளையங்களுக்கு நான் முதலில் செய்வது, முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டை உருட்டிவிடுவது. காது திரும்புகிறதா என்று பார்ப்பேன். குட்டி வாங்கும்போது நீங்களும் இதைச் செய்யுங்கள். மற்ற குட்டிகளிடமிருந்து பிரித்து வைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் அவை எழுவதைப் பார்த்து இதுவும் எழும், நீங்கள் ஏமாந்துவிடுவீர்கள்.

கோவில்பட்டி, கயத்தாறு கரிசல் பக்கத்துக் கன்னி நாயும் சிப்பிப்பாறை நாயும் வேறு ரகம். முயலுக்குப் பின்னால் ஓடப் பிறந்த உடம்பு. வேட்டை இப்போது சட்டப்படி குற்றம், ஆனால் ஓடுகிற கால் அதற்காக நிற்காது. தோட்டமும் வயலும் உள்ள வீட்டுக்குச் சரி, மாடிக் குடியிருப்புக்கு வேண்டாம். பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு என்னைக் கேட்டால், தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள் என்பேன். ஆள் வந்தால் குரைக்கும், பதினைந்து இருபது கிலோவுக்குள் இருக்கும், நம்ம வெயில் அதற்குப் பழக்கம். மகனுக்குப் பிடிக்காது. பரவாயில்லை, கயிற்றைப் பிடிக்கப் போவது அவன் இல்லையே.

சரி, ஏற்கெனவே ராட்வைலர் வீட்டில் இருக்கிறது, மே மாத லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், என்ன செய்ய? நாயைக் கட்டிப்போட்டு அதன் முன்னால் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். கதவுள்ள தனி அறையோ, வேலி போட்ட இடமோ அதற்கென்று இருக்கட்டும். அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. இரண்டையும் ஒரே இடத்தில் விட்டால், பெரியவர் ஒருவர் டீவி பார்க்காமல் அங்கேயே இருக்க வேண்டும். 'நம்ம நாய் ஒண்ணும் செய்யாது' என்கிற வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் நான் பலமுறை தையல் போட அனுப்பி வைத்திருக்கிறேன். அஜாக்கிரதையாக நாயை விட்டு யாருக்காவது ஆபத்து வந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

கடித்துவிட்டால், எந்த நாயாக இருந்தாலும், குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வெறிநாய்க்கடி ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் ஊசி, அதிலிருந்து மூன்று நாள் கழித்து, ஏழு நாள் கழித்து, இருபத்தெட்டு நாள் கழித்து என்று வரும். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலினும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நம்ம வீட்டு நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நாயின் குணத்தில் திடீரென்று மாற்றம் தெரிந்தால் அடிக்காமல், பூட்டி வைக்காமல், மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பு வலி, காது சீழ், உண்ணிக் காய்ச்சல் எதுவாகவும் இருக்கலாம். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போகலாம். போகும்போது வாய்க்கூடை போட்டுக்கொள்ளுங்கள். அங்கே வரிசையில் ஆடு நிற்கும்.

நன்றி, வணக்கம்.