காட்மாண்டு கிடங்கில் தூங்கிய துப்பாக்கிகள்

[திரையில்: மேசைமேல் கறுப்பு கிரீஸ் அப்பிய நீளமான ஒரு பொருள்]

இது துப்பாக்கி என்று சொன்னால்தான் தெரியும். பார்ப்பதற்குத் தார் டின்னில் விழுந்த உலக்கை மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் நண்பர் ஒருவர், பெட்டியைப் பிரித்த கையோடு எடுத்து அனுப்பிய படம். என்ன வாங்கியிருக்கிறோம் என்பது அவருக்கே அன்று பாதிதான் தெரியும். மீதியை அவருக்குச் சொன்னவர்கள் வேறு ஆட்கள். அவர்களைப் பற்றியும்தான் இந்த வீடியோ.

முதலில், இது எங்கிருந்து வந்தது?

[திரையில்: நேபாள வரைபடம், காட்மாண்டுவை நோக்கி நகர்கிறது]

நேபாளத்தோடு கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட சண்டை 1816-இல் சுகௌலி ஒப்பந்தத்தில் முடிந்தது. 1846-இல் ஜங் பகதூர் ராணா ஆட்சியைப் பிடித்தார். 1857 கிளர்ச்சியில் அவர் தன் படையோடு ஆங்கிலேயர் பக்கம் நின்றார். அந்தக் காலம் முழுக்க நேபாளத்துக்குத் துப்பாக்கிகள் வந்துகொண்டே இருந்தன. சில வாங்கியவை, சில பரிசாக வந்தவை, சில உள்ளூரிலேயே செய்தவை. புது மாடல் வந்ததும் பழையதை யாரும் உருக்கவில்லை. காட்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனைக்குள் அடுக்கி வைத்துவிட்டார்கள். நம் வீட்டுப் பரண் மாதிரிதான், அளவு மட்டும் அரண்மனை அளவு.

2003-இல் இன்டர்நேஷனல் மிலிட்டரி ஆன்டிக்ஸ், அட்லாண்டா கட்லரி என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து அந்தக் கிடங்கையே வாங்கின. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள், டன் கணக்கில் கப்பலேறின. அதில் பலவற்றைத் துடைக்காமல், கிடந்த கோலத்திலேயே விற்றார்கள். விலை குறைவு, ஆனால் எது வரும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கியை அமெரிக்க மத்தியச் சட்டம் பழம்பொருளாகத்தான் பார்க்கிறது. அதனால் பெட்டி தபாலிலேயே வீட்டு வாசலுக்கு வந்துவிடும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அது தனிக் கதை.

[திரையில்: குழலுக்குள் மரக்குச்சி இறங்குகிறது]

சரி, பெட்டியைப் பிரித்தாயிற்று. துடைக்கத் துணியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ரகமாக இருந்தால், ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் முட்டும்வரை விட்டு, வாய்ப்பக்கம் அடையாளம் போட வேண்டும். பிறகு அதே குச்சியைக் குழலுக்கு வெளியே வைத்துப் பார்க்க வேண்டும். மருந்துக்கு நெருப்பு போகும் துளை இருக்கும் இடம்வரை குச்சி எட்டவில்லையா? உள்ளே ஏதோ இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் எவனோ போட்ட மருந்தாகவும் இருக்கலாம். கருமருந்துக்கு வயசாவதில்லை. பழைய துப்பாக்கி சேகரிக்கப் புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய ஆட்கள் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். அதுவும் கொஞ்சம் அதட்டலாகவே.

அப்புறம்தான் சுத்தம் செய்வது. இங்கேதான் சண்டையும் தொடங்கும். எண்ணெய் விட்டு, மிக மெல்லிய எஃகுக் கம்பளியால் மெதுவாகத் தேய்த்தால் போதும், மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவலாம் என்பார் ஒருவர். அந்த அழுக்கும் சரித்திரம்தான், கையே வைக்காதே என்பார் இன்னொருவர். ஆனால் மோட்டாரில் சுழலும் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்துவிட்டு ஒருவர் படத்தைக் காட்டினால், இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்து அவரைத் திட்டும். என் ஓட்டும் திட்டுகிறவர்களுக்கே. அந்தப் பிரஷ் துருவோடு சேர்த்து முத்திரைகளையும் தின்றுவிடும்.

[திரையில்: லாக் பிளேட், அதாவது சுடும் பொறியைப் பொருத்திய தகடு, மிக அருகில்]

முத்திரைதானே இதில் படிக்கவேண்டிய எழுத்து! கிரீடமும் அதன் கீழே 'வி.ஆர்.' என்ற எழுத்தும் இருந்தால் விக்டோரியா ராணி காலம். அகலமான அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்தின் அடையாளம். இரண்டு அம்புகள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றால், அரசு அதை விற்றுக் கைகழுவிவிட்டது என்று பொருள். கம்பெனிக்காரர்களின் துப்பாக்கியில் முதலில் இதயம் போன்ற ஒரு சின்னம் இருந்தது, பிறகு எழுந்து நிற்கும் சிங்கம் வந்தது. சென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கம்பெனி கால ஆயுதங்களை நேரில் பார்க்கக் கோட்டை அருங்காட்சியகம் போனாலே போதும்.

நண்பரின் துப்பாக்கியில் இவை எதுவும் இல்லை. பார்வைக்கு அது 1871-இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி ஹென்றி போலவே இருந்தது. அடியில் லீவர், அதை இழுத்தால் இறங்கும், குழலின் பின்பக்கத்தை மூடும் கட்டை, எல்லாம் சரி. ஆனால் அம்பு இல்லை, கிரீடம் இல்லை. கிரீஸைத் துடைக்கத் துடைக்க வந்ததெல்லாம் தேவநாகரி எழுத்து. அவருக்கோ ஒரு எழுத்தும் தெரியாது.

படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினார். நேபாளத்தில் பிறந்த ஒருவர் அன்றே படித்துச் சொன்னார். கூடவே ஓர் எச்சரிக்கை: அங்கே தேதி விக்ரம் சம்வத் என்ற நேபாள ஆண்டுக் கணக்கில் இருக்கும், ஐம்பத்தேழைக் கழித்துக்கொள், இல்லாவிட்டால் உன் துப்பாக்கி இருபதாம் நூற்றாண்டு என்று நினைத்துவிடுவாய். இன்னொருவர், ஒரே ஒரு வரி: "இது மார்ட்டினி இல்லை, கஹேந்திரா."

[திரையில்: இரண்டு துப்பாக்கிகளும் பக்கத்தில் பக்கத்தில்]

கஹேந்திரா என்றால், பிரதமர் பீர் ஷம்ஷேரின் மகன் கெஹேந்திர ஷம்ஷேர் வடிவமைத்தது. வெளியே மார்ட்டினியின் சாயல், உள்ளே வேறு இயந்திரம். கைப்பிடியைச் சுற்றினால் இரட்டைக் குழலும் சுடும் 'பீரா' துப்பாக்கியும் அவர் வேலைதான். அதற்கு அப்பாவின் பெயரையே வைத்தார். கஹேந்திராவை ஒவ்வொன்றாகக் கையால் செய்தார்கள். அதனால் ஒன்றின் திருகாணி இன்னொன்றில் ஏறாது.

இது நண்பருக்குத் தலைவலியாகிவிட்டது. அவருடையதில் உள்ளே ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தது. இங்கிலாந்தில் செய்த மார்ட்டினிக்கு உதிரி தேடினால் கிடைக்கும். இதற்கு எங்கே போவது?

வேறு ஊரிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பத்திரமாக வைத்திருந்த தன் கஹேந்திராவை முழுக்கக் கழற்றினார். அந்த ஸ்பிரிங்கைக் கட்டம் போட்ட தாளில் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தடிமனை நாலு இடத்தில் அளந்து எழுதி, தாளைத் தபாலில் அனுப்பினார். இருவரும் அதுவரை முகம் பார்த்ததில்லை. அளவுகளின் கீழே ஒரு குறிப்பு: "உன்னுடையதற்கு இது பொருந்தாது. கொஞ்சம் பெரிதாக வெட்டிவிட்டு, அரத்தால் ராவிக்கொண்டே வா."

ராவ மூன்று வாரம் ஆனது. அதை அவர் சுடப்போவதில்லை, அந்தப் பழைய எஃகை நம்பி யாரும் தோளில் வைக்கவும் கூடாது. ஆனால் லீவரை இழுத்துவிட்டால் இப்போது இந்தச் சத்தம் வருகிறது.

[ஒலி: டக்]

இந்த ஒலிப்பதிவைத்தான் அவர் முதலில் தாள் அனுப்பியவருக்கு அனுப்பினார். எனக்கு வந்தது அதற்குப் பிறகு.