கடற்பறவை என்ன தின்றது?

அனைவருக்கும் வணக்கம். சென்னைக் கடற்கரைக்கு இங்கிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வேலூரில் எதற்குக் கடற்பறவைப் பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எனக்கு இந்தக் கேள்வி பிறந்ததே காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில்தான். மீன் குத்தகை எடுத்தவர் ஒருவர், "விட்ட குஞ்செல்லாம் இந்த நீர்க்காகமே தின்னுடுது சார்" என்று புலம்பினார். எந்த மீன், எவ்வளவு என்று கேட்டேன். "அதை நீங்கதான் சொல்லணும்" என்றுவிட்டார். கடலோரத்தில் நீர்க்காகத்தை ஆராய்கிறவர்கள் முன்னாலும் இதே கேள்விதான் நிற்கிறது.

அந்தக் காலத்தில் பறவையைச் சுட்டு, வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். அதைச் செய்யத் தேவையே இல்லை. நீர்க்காகம், செரிக்காத முள்ளையும் எலும்பையும் சளியில் உருட்டி, பெரும்பாலும் நாளுக்கு ஒன்றாகக் கக்கிவிடும். அது அடையும் மரத்தடியில் பொறுக்கிக்கொள்ளலாம். ஓர் உருண்டையை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தேன். நாற்றம் குடலைப் புரட்டியது. ஆனால் சளி கரைந்ததும் கிண்ணத்தின் அடியில் நொய்யரிசி மாதிரி வெள்ளைத் துணுக்குகள். மீனின் செவிக்கற்கள்! கத்தாழை மீன் குழம்பு வைக்கிற வீடுகளில் தெரியும். தலையைக் கடிக்கும்போது பல்லில் படுமே, அந்தக் கல்தான். இனத்துக்கு இனம் வடிவம் மாறும். கல்லின் நீளத்தை வைத்து மீனின் நீளத்தைக் கணக்கிடலாம்.

ஆனால் கல்லை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். வயிற்று அமிலம் அதை அரிக்கிறது. பெரிய மீனின் கல் தேய்ந்து சின்ன மீனாகக் காட்டும். பொடி மீனின் கல் தடமில்லாமல் கரைந்தே போகும். கணவாய் விஷயம் நேர்மாறு. கிளி மூக்கு மாதிரியான அதன் அலகு லேசில் செரிக்காது. அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் வயிற்றில் வாரக்கணக்கில் தங்கும். போன மாதம் தின்றதும் நேற்றுத் தின்றதும் ஒரே குவியலாகக் கிடக்க, கணவாய்தான் அதன் முக்கிய உணவு என்று தோன்றிவிடும். சொறிமீன் என்கிற ஜெல்லிமீனுக்கோ முள்ளும் இல்லை, அலகும் இல்லை. கணக்கிலேயே சரியாக வராமல் இருந்தது. எச்சத்தில் உள்ள டி.என்.ஏ.வைப் படித்த பிறகுதான், அல்பட்ராஸ் சொறிமீனை எவ்வளவு சகஜமாகத் தின்கிறது என்பது தெரிந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

டி.என்.ஏ. பெயரைச் சொல்லும், மீனின் நீளத்தைச் சொல்லாது. இரை மீனின் வயிற்றில் இருந்த இறாலையும் பறவை தின்றதாகவே காட்டும்.

ரத்தப் பரிசோதனை வேலூருக்குப் புதிதல்ல. பறவையின் சிறிது ரத்தத்தில் நைட்ரஜன் 15, அதாவது நைட்ரஜனின் கனமான வகை, எவ்வளவு என்று அளந்தால், உணவுச் சங்கிலியில் அது எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியும். படிக்குப் படி ஆயிரத்துக்குச் சுமார் 3 அல்லது 4 பங்கு கூடும். ரத்தம் கடந்த சில வாரங்களைச் சொல்லும், இறகு தான் முளைத்த பருவத்தைச் சொல்லும். மீனின் பெயரைக் கேட்டால் இரண்டுக்கும் தெரியாது.

ஆலா என்ற கடற்பறவை, குஞ்சுக்கு மீனை அலகில் குறுக்கே பிடித்துக்கொண்டு வரும். நல்ல கேமரா போதும், பறவையைத் தொடவே வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஆனாலும் தாய் கடலிலேயே விழுங்கியது படத்தில் வராதே!

சரி, குத்தகைக்காரருக்கு வருகிறேன். ஒரு பருவத்துக்கு மட்டும் பணம் கிடைத்தால், ஒரே மரத்தடியில், ஒரே காலையில் உருண்டையையும் எச்சத்தையும் சேர்த்து எடுப்பேன். மீனின் அளவுக்குக் கல், கல் தவறவிட்டதற்கு டி.என்.ஏ. அதற்குப் பிறகுதான் கிலோ கணக்கைப் பற்றி அவரிடம் வாய் திறப்பேன்.

ஊறவைத்த உருண்டை ஒன்று இந்த மேசையில் இருக்கிறது. பூதக்கண்ணாடியும் கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசைப் பிள்ளைகள் முதலில் வாருங்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு.