முப்பது ஆண்டு கழித்துக் கேட்ட இசையும் நம் கூத்து மேடையும்

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் ஐயா அவர்களே, தம் மாலைப் பொழுதை எங்களுக்காக ஒதுக்கி முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மாநகர மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, கோயில் அறங்காவலர்களே, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைச் சம்பளம் பெறாமல் நடத்திவரும் ஆசிரியப் பெருமக்களே, காலையிலிருந்து அடுப்படியில் நின்று இந்தக் கூட்டத்துக்கே சமைத்து முடித்துவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கும் மகளிர் அணித் தாய்மார்களே, கதவோரம் நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இந்த மேடையில் எனக்கு முன் பேசிய முதல்வர் அவர்கள் கல்வியைப் பற்றி ஆற்றிய உரை என் மனத்தில் இன்னும் நிற்கிறது. அவருக்கு என் தனிப்பட்ட நன்றி. என்னைப் பேச அழைத்த செயலாளர் தம்பிக்கும், ஒலிபெருக்கியைச் சரிசெய்து கொடுத்த பிள்ளைகளுக்கும் நன்றி.

'இசையும் முதுமையும்' என்ற தலைப்பில் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். இளம் வயதில் நேரில் கேட்ட ஓர் இசைக்குழுவை முப்பது ஆண்டு கழித்து மறுபடியும் நேரில் கேட்டவள் என்ற தகுதியில் இரண்டு செய்திகளைச் சொல்ல எழுந்திருக்கிறேன். அந்த இசை எனக்கு என்ன செய்தது என்பது முதலாவது. மேடைக்கு முன் போய் நிற்கும் உரிமை காசு உள்ளவர்களுக்கு மட்டும் உரியதா என்பது இரண்டாவது.

அந்தக் குழுவின் பெயர் தி கியூர். லண்டனுக்குத் தெற்கே கிராலி என்ற ஊரில் பள்ளித் தோழர்களாக இருந்தவர்கள் 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய குழு அது. தலைவர் ராபர்ட் ஸ்மித் 1959-இல் பிறந்தவர். கலைந்த தலைமுடியும், மை அப்பிய கண்ணும், உதட்டைத் தாண்டி வழிந்த சிவப்புச் சாயமும் அவருடைய அடையாளங்கள். துயரமும் இருளும் தோய்ந்த, கோத் ராக் என்று உலகம் அழைக்கும் இசைக்குத் தொடக்கமாக, 1979-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட பௌஹவுஸ் குழுவையும், 1982-இல் லண்டன் சோஹோவில் திறந்த பேட்கேவ் என்ற இரவு விடுதியையும் வரலாற்றில் குறிப்பிடுவார்கள். ஸ்மித் அந்தப் பெயரைத் தமக்கு ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் உலகெங்கும் கறுப்பு உடுத்திய பிள்ளைகள் அவரைத் தங்களுடையவராகவே ஏற்றுக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த நானும் அவர்களில் ஒருத்தி. துக்கத்தை மறைக்காமல் பாடலாம், அச்சத்தை வாய்விட்டுச் சொல்லலாம் என்பதை ஒரு கேசட்டில்தான் நான் முதலில் கேட்டேன். ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்து, பாட்டை விட இரைச்சல் கூடிப்போன கேசட் அது.

அவர்களை நேரில் பார்க்கும் வழி அன்றைக்கு இந்த நாட்டில் இல்லை. நிறவெறி ஆட்சியைக் கலைஞர்கள் புறக்கணிக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1980 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. எங்களுக்குப் பிடித்தவர்கள் வராமல் போனார்களே என்று வருந்தியிருக்கிறோம். ஆனாலும் அந்தப் புறக்கணிப்பு நியாயமானது என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். நம்மைத் தனித்தனி வாசல் வழியாக உள்ளே விட்டுத் தனித்தனியாக உட்கார வைத்த ஒரு நாட்டில் எந்தப் பாட்டும் முழுதாகக் காதில் விழுந்திருக்காது.

தாதிப் பயிற்சிக்காக லண்டன் போன பிறகுதான் எனக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. டிரஃபால்கர் சதுக்கத்தில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் மண்டேலாவின் விடுதலை கேட்டு இரவும் பகலும் மறியல் நடந்துகொண்டிருந்த காலம். 1989 ஜூலை மாதம் வெம்ப்ளி அரங்கில் தி கியூர் பாடினார்கள். அந்த ஆண்டு மே மாதம்தான் அவர்களுடைய 'டிசிண்டகிரேஷன்' தட்டு வெளிவந்திருந்தது. அந்தத் தட்டின் முதல் பாட்டோடுதான் நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். காற்றில் ஆடும் மணிக்குழல்களின் ஓசை முதலில் மெல்ல எழுந்து, அதன்மேல் கீபோர்டும் முரசும் ஒரே நொடியில் வந்து இறங்கியபோது, தரையிலிருந்து கால் வழியாக நெஞ்சுக்கு ஏறிய அந்த அதிர்வை எந்தக் கேசட்டும் எனக்குக் கொடுத்ததில்லை. பாடகர் உடனே வாய் திறக்கவில்லை. நிமிடக்கணக்கில் இசை மட்டுமே ஓடியது. அவர் கிட்டாரைப் பிடித்தபடி காத்திருந்தார். அப்படிக் காத்திருக்க ஒருவருக்குத் தம் இசையின்மேல் எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று நம் பாட்டி சொல்லிவைத்தாள். எனக்கு எப்போதும் பிடித்த வாக்கு அது. மேடையும் அப்படிப் பழகி வருவதுதான். ஆரம்ப ஆண்டுகளில் சின்னச் சின்ன விடுதிகளில், நூறு பேருக்கும் இருநூறு பேருக்கும் வாசித்து வாசித்துத்தான் அந்தக் குழு வெம்ப்ளியில் வந்து நின்றது. அந்தச் சின்ன விடுதிகளின் கதவை யாரோ அவர்களுக்குத் திறந்துவிட்டார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. உறுப்பினர் அம்மையார் அவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு 2019. தி கியூர் முதல்முறையாக நம் நாட்டுக்கு வந்தார்கள். மார்ச் 16-ஆம் தேதி ஜொகன்னஸ்பர்க் பக்கம் கார்னிவல் சிட்டியில் ஒரு நிகழ்ச்சி. மார்ச் 21-ஆம் தேதி கேப் டவுனில் கெனில்வொர்த் குதிரைப் பந்தயத் திடலில் இன்னொன்று. மார்ச் 21, 1960-இல் ஷார்ப்வில்லில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். இன்று மனித உரிமை நாளாகக் கொண்டாடுகிறோம். ஒரு காலத்தில் புறக்கணிக்கப்பட்ட நாட்டுக்கு, அந்த நாளில் வந்து அவர்கள் பாடினார்கள் என்பது எனக்கு மிகப் பெரிய செய்தி.

நான் ஜொகன்னஸ்பர்க் போக முடிவு செய்தேன். அக்காவிடம் சொன்னேன். அக்கா இதோ, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "இந்த வயசுல தனியா அவ்வளவு தூரம் வண்டி ஓட்டுவியா? நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டார். அக்கா தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர், புரட்டாசி மாதம் முழுக்க விரதம் இருப்பவர். ராக் இசையை வாழ்நாளில் காசு கொடுத்துக் கேட்டவர் அல்லர். விடியற்காலை எழுந்து ரொட்டிக்குள் ஆட்டுக்கறி வைத்துச் சுருட்டி, டின்மீன் சட்னியைப் பாணுக்குள் வைத்துக் கட்டி, ஃபிளாஸ்க் நிறையத் தேநீரும் எடுத்துக்கொண்டு, மடக்கு நாற்காலியோடும் கம்பளிச் சால்வையோடும் வாசலில் வந்து நின்றார். வான் ரீனன் கணவாயை ஏறி, ஹாரிஸ்மித்தில் வண்டியை நிறுத்திப் பட்கோஸை, அந்த வழிச்சாப்பாட்டைப் பிரித்தோம். பக்கத்து வண்டியில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள், கறுப்புச் சட்டை, கண்ணில் மை. அக்கா அவர்களை ஒரு பார்வை பார்த்தார். பசியோடு இருக்கிறார்கள் என்று தீர்மானித்து ஆளுக்கொரு ரொட்டி கொடுத்தார். அவர்களும் அதே நிகழ்ச்சிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

திடலுக்குள் போனதும் அக்கா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "என்னடி இது, அத்தனை பேரும் கறுப்பு உடுத்தியிருக்காங்க, யார் வீட்டு எழவு?" என்று கேட்டார். (அக்கா சிரிக்கிறார், பாருங்கள்.) கூட்டம் நெருக்கியபோது, ஹாரிஸ்மித்தில் ரொட்டி வாங்கிக்கொண்ட பிள்ளைகள் எங்களைக் கண்டுகொண்டு ஓடி வந்து, மற்றவர்களை விலக்கி அக்காவின் நாற்காலிக்கு இடம் செய்து கொடுத்தார்கள். விளக்குகள் அணைந்தன. புகைக்கு நடுவே ஸ்மித் நடந்து வந்தார். அறுபதை எட்டப்போகும் மனிதர், அதே தலை, அதே மை, அதே சாயம். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "இது நம்ம கூத்து வேஷம்தானேடி! பெரியப்பா திரௌபதி கட்டும்போது இப்படித்தான் கண்ணுக்கு மை இழுப்பாரு" என்றார். சற்று நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்தார். அதன்பின் கடைசிவரை அவர் உட்காரவே இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பாடினார்கள். காட்டுக்குள் ஒருவன் வழி தவறும் 1980-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று அவர்களுக்கு உண்டு. அதன் முடிவில் மற்றக் கருவிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோக, சைமன் கேலப்பின் பேஸ் கிட்டார் மட்டும் தனியாக நின்று துடிக்கும். முழங்கால் அளவுக்குத் தாழ்த்திக் கட்டிய வாரில், முதுகை வளைத்து, அதே நாலு ஸ்வரத்தை அவர் அடித்துக்கொண்டிருக்க, கூட்டம் கைத்தட்டித் தாளம் போட்டது. வெம்ப்ளியில் கேட்டபோது அந்த இடத்தில் என் தனிமையைத்தான் கேட்டேன். இந்த முறை பக்கத்தில் அக்கா தாளம் போட்டார். அவருக்குப் பக்கத்தில் ஒரு ஜூலு இளைஞர், அவருக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள். பாட்டு மாறவில்லை. ஸ்மித்தின் குரலும் தேயவில்லை. உயர்ந்த ஸ்தாயியில் அது உடைகிற மாதிரி நடுங்கி உடையாமல் நிற்பது அப்படியே இருந்தது. பழைய பாட்டுகளை நினைவுக்காக வந்து பாடிவிட்டுப் போகிறவர்கள் பலர் உண்டு. இவர்கள் அந்தப் பாட்டுகளை விட்டு ஒருநாளும் விலகியிராதவர்களாக வாசித்தார்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்பதை அன்றைக்கு அந்தப் புல்வெளியில் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் திரும்பும் வழியில் அக்கா பெரியப்பாவின் கூத்துப் பாட்டுகளைப் பாடத் தொடங்கினார். துகிலுரிதல் கட்டத்தில் திரௌபதி சபையைப் பார்த்து நீதி கேட்கும் விருத்தத்தைக் கணவாய் இறங்கும்போது எடுத்தவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரும்வரை நிறுத்தவில்லை. நிறுத்தியதும் கேட்டார்: "அவங்களைப் பார்க்க இவ்வளவு தூரம் போனோம். நம்ம கூத்தை இனிமே எங்கே போய்ப் பார்க்கிறது?"

பெரியோர்களே, நான் இங்கே பேச வந்ததே அந்தக் கேள்வியைத்தான். 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் நங்கூரமிட்ட ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்தது. 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கு கொண்டுவரப்பட்டவர்கள் 1,52,184 பேர். கரும்புத் தோட்டத்தில் பகலெல்லாம் வெட்டிவிட்டு, இரவில் அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி, மத்தளமும் தாளமும் முழங்க விடிய விடியத் தெருக்கூத்து ஆடியவர்கள் நம் முன்னோர். சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று ஊரார் அதை அழைத்தார்கள். மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் மாநகரத் தொழிலாளர்களாக இருந்த நம் குடும்பங்களை 1960-களில் கிளப்பிக் கொண்டுவந்து சாட்ஸ்வொர்த்தில் இறக்கியபோது, பெரியப்பா வேடப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார் என்று அக்கா சொல்வார். அந்தப் பெட்டிக்கு இன்றைக்கு ஒரு மேடை இல்லை. செந்தமிழும் நாப்பழக்கம்! வாரம் இரண்டு மணி நேர வகுப்பில் பிள்ளைகள் எழுத்துக் கற்கிறார்கள். ஆசிரியர்களின் தொண்டுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் விருத்தம் பாடி, வசனம் பேசி, கூத்தின் கோமாளியான கட்டியங்காரனோடு வாய்க்கு வாய் மல்லுக்கு நிற்கும் ஒரு பிள்ளைக்குத் தமிழ் நாவில் ஊறுவதற்கு ஈடாக வேறொன்றை நான் அறியேன்.

இனி இரண்டாவது செய்தி. 2023-இல் தி கியூர் வட அமெரிக்காவில் பாடப் போனபோது, சில அரங்குகளில் 20 டாலருக்கே டிக்கெட் விற்க வேண்டும் என்று ஸ்மித் வற்புறுத்தினார். டிக்கெட் விற்ற நிறுவனம் கட்டணம் என்ற பெயரில் டிக்கெட் விலையையே மிஞ்சும் தொகையை வசூலித்ததும் வெளிப்படையாகக் கண்டித்தார். வாங்கியவர்களுக்குப் பத்து டாலரும் ஐந்து டாலரும் திரும்பக் கிடைத்தன. தம் ரசிகர் வாசலில் நின்றுவிடக் கூடாது என்று அந்த வயதில் அவர் சண்டை பிடித்தார். நம் ஊரில் என்ன நிலை? மண்டபத்தை ஓர் இரவுக்குக் கேட்டால், ஒரு கூத்துக் குழு சேர்த்து வைத்திருக்கும் பணமெல்லாம் வாடகைக்கே போய்விடுகிறது. பத்து மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்கிறார்கள். பத்து மணிக்குக் கூத்தில் கட்டியங்காரன்கூட வந்திருக்க மாட்டான். கிட்டாரில் தமிழ்ப் பாட்டுக் கட்டும் பிள்ளைகள், இதோ கதவோரம் நிற்பவர்கள், அவர்களுக்கும் இதே கதிதான்.

1996-ஆம் ஆண்டின் நம் அரசியல் சாசனம், ஆறாம் பிரிவில், தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதை வளர்க்கவும் மதிக்கவும் வேண்டும் என்று கட்டளையிடுகிறது. உறுப்பினர் அம்மையார் அவர்களே, தாங்கள் இந்த வட்டாரத்துக்குச் செய்திருக்கும் நன்மைகளை நாங்கள் அறிவோம். ஆகவே நேராகக் கேட்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வாடகையில்லாமல், விடியும்வரை இந்த மண்டபம் திறந்திருக்க வேண்டும். முன்னிரவில் இளைஞர்களின் இசை. நள்ளிரவுக்கு மேல் கூத்து. பெண் பிள்ளைகளும் வேடம் கட்ட வேண்டும். திரௌபதியை இனி எங்கள் பெண்களே ஆடட்டும். மூத்த கூத்தர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், கற்பிக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இது நடக்க வேண்டும்.

விண்ணப்பம் வாசலருகே மேசையில் இருக்கிறது. தலைவர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைத்திருக்கிறார். அவருக்கு என் நன்றி. சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருவரும் பெயரும் வீதியும் எழுதிக் கையெழுத்திடுங்கள். பெரியப்பாவின் வேடப் பெட்டியை அக்கா கொண்டுவந்திருக்கிறார். அந்த மேசைக்குக் கீழேதான் இருக்கிறது. பிள்ளைகள் திறந்து பார்க்கலாம், கிரீடத்தைத் தலையில் வைத்தும் பார்க்கலாம் என்று சொல்லச் சொன்னார். வணக்கம்.