ஏற்காட்டுக் கரடிக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் உண்டா?

வணக்கம் மக்களே. சேலத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, அதனால் இன்றைக்கு மேலே ஏற்காட்டுக்கு வந்து பேசுகிறேன். மைக்கில் காற்று இரைந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவைப் பார்த்துவிட்டு அம்மாபேட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, நீங்கதான் தமிழ் விக்கிப்பீடியாவுல எழுதுறீங்களே, நம்ம சான் ஆண்ட்ரியாஸ் கரடிக்கு ஒரு கட்டுரை போடுங்களேன்." விளையாட்டாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா தெரியவில்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

கரடி என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிரவுசிங் சென்டர் காலத்தில் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் என்ற கம்ப்யூட்டர் கேம் ஆடியவர்களுக்கு அதில் வரும் சிலியாட் மலை ஞாபகம் இருக்கும். நாங்கள் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. வளைந்து வளைந்து ரோடு ஏறுகிறதா, அப்போது அது ஏற்காடு மலைதான். அந்த மலைக்காட்டில், கேமில் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல், பனி இறங்கும்போது கரடி வரும் என்பார்கள். ஏற்காட்டில் கரடிக் குகை இருக்கும்போது அந்த மலையில் மட்டும் இருக்காதா என்ன! கடையில் இருந்த கம்ப்யூட்டர்களில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. தூரத்து மரங்கள் கிட்டே போன பிறகுதான் பொசுக்கென்று முளைக்கும். அந்தத் திரையில் மரக்கட்டை, பாறை, கரடி எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

வெளிநாட்டில் இதே கதையில் வந்தது பிக்ஃபுட், அதாவது அமெரிக்கக் காடுகளில் திரிவதாகச் சொல்லப்படும் குரங்கு மனிதன். 2004-ல் கேம் வந்ததுமே இந்த வதந்தியும் கிளம்பிவிட்டது. அப்படி எதுவும் கேமில் இல்லை என்று அதைத் தயாரித்த நிறுவனமே சொல்லிவிட்டது, யாரும் கேட்கவில்லை. இதில் வேடிக்கை, அந்தக் காட்டுப்பக்கம் ஆளில்லாத பழைய கார்கள் சரிவில் தானாக உருண்டு வருவது நிஜம். கேம் அந்த கார்களைச் சரிவான இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதால் அவை உருள்கின்றன, அவ்வளவுதான். ஆனால் நடுராத்திரியில் ஓட்டுநர் இல்லாத கார் எதிரே வந்தால் கரடியை நம்பாமல் என்ன செய்வது?

சரி, விஷயத்துக்கு வருவோம். பொய்க்கதைக்கு எதற்குக் கலைக்களஞ்சியம் என்று ஒரு கூட்டம் எப்போதும் கேட்கும். அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. 1910-ல் சிங்காரவேலு முதலியார் கொண்டுவந்த தமிழ்க் கலைக்களஞ்சியமான அபிதான சிந்தாமணியைத் திறந்து பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் புராணக் கதைகள். சேர்வராயன் கோயில் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று இங்கே சொல்வார்கள். அதை எழுதினால் தல வரலாறு என்று மரியாதையாக வாசிப்போம். கம்ப்யூட்டருக்குள் நடந்த கதை என்றால் மட்டும் உதட்டைப் பிதுக்குவோம். கதை மெய்யா பொய்யா என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்தக் கதை தனக்கு வெளியே தடம் பதித்திருக்கிறதா, அந்தத் தடத்தை வேறு யாராவது பின்தொடர்ந்து போய் எழுதியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. விக்கிப்பீடியாவில் குறிப்பிடத்தக்கமை என்று சொல்வதும் சுற்றி வளைத்து இதைத்தான்: சம்பந்தப்படாத, நம்பகமான ஆட்கள் விரிவாக எழுதியிருக்க வேண்டும்.

பாலிபியஸ் கதை தெரியுமா? 1981-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் ஒரு வீடியோ கேம் எந்திரம் வந்ததாம், ஆடியவர்களுக்குத் தலைசுற்றலும் கெட்ட கனவும் வந்ததாம், கறுப்பு கோட்டு போட்ட ஆட்கள் வந்து அதில் இருந்து தகவல் எடுத்துப் போனார்களாம். அந்த எந்திரத்தை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கேம்ப்ரோ பத்திரிகை 2003-ல் எழுதிய பிறகுதான் கதை பரவலாகத் தெரியவந்தது. அப்புறம் ஆட்கள் தோண்ட ஆரம்பித்தார்கள். அதே 1981-ல் அதே ஊரில் கேம் ஆடிய இரண்டு பேருக்கு உண்மையிலேயே உடம்புக்கு முடியாமல் போயிருக்கிறது, சூதாட்டப் புகாரில் எஃப்பிஐ ஆட்கள் கடைகளைச் சோதனை போட்டதும் நடந்திருக்கிறது. இல்லாத எந்திரத்துக்குக் கட்டுரை தேவையில்லை. ஆனால் இந்தத் துண்டுகள் எப்படி ஒட்டிக்கொண்டு ஒரு கதையாயின என்பதற்குக் கட்டுரை கட்டாயம் வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நம் காந்தி கதை. சிவிலைசேஷன் என்ற கேம், 1991. அதில் காந்திதான் இந்தியாவின் தலைவர், ஆனால் திடீரென்று அணுகுண்டோடு வந்து மிரட்டுவார். அதற்கு ஒரு காரணம் சொன்னார்கள் பாருங்கள், அப்பப்பா! காந்திக்குச் சண்டைக் குணம் 1. நாடு ஜனநாயகத்துக்கு மாறினால் எல்லோருக்கும் அதில் 2 குறையும். ஒன்றில் இரண்டு போனால் மைனஸ் ஒன்று. அந்த இடத்தில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும் என்பதால் எண் பின்பக்கமாகச் சுற்றி 255 ஆகிவிடும். அகிம்சாமூர்த்தி ஒரே நொடியில் உலகத்திலேயே பெரிய சண்டைக்காரர்!

கணக்கு இவ்வளவு அழகாக இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? 2012-ல் யாரோ ஒருவர் இணையத்தில் எழுதிப்போட்டது இது. பத்திரிகைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுத, கடைசியில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாட உதாரணமாகவே ஆகிவிட்டது. 2020-ல் கேமை உருவாக்கிய சிட் மேயர் தன் நினைவுக் குறிப்பில், அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று எழுதினார். கேமின் இரண்டாம் பாகத்தை வடிவமைத்த பிரையன் ரெனால்ட்ஸும், சண்டைக் குணத்துக்கு மொத்தமே மூன்று நிலைகள்தான், காந்திக்கு இருந்த அதே நிலையில் மூன்றில் ஒரு பங்குத் தலைவர்கள் இருந்தார்கள் என்று சொல்லிவிட்டார். இன்னொன்று கவனியுங்கள். 2010-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் பத்துக்குள் இருக்க வேண்டிய அணுகுண்டு ஆசையை காந்திக்கு மட்டும் 12 என்று வேடிக்கைக்காக வைத்தார்கள். ஆக, கிண்டல் முதலில் வந்திருக்கிறது, காரணம் பிறகு முளைத்திருக்கிறது. இந்தத் தலைகீழ் வரிசையை விளக்க ஒரு கட்டுரை இருந்தே ஆக வேண்டும் என்பேன்.

பிக்ஃபுட்டும் தேறிவிடும். 2013-ல் வந்த ஜிடிஏ ஐந்தில், பிக்ஃபுட் வேஷம் போட்ட ஆளைத் துரத்தும் ஆட்டம் ஒன்றையே வைத்தார்கள். வதந்தி கேமுக்குள் போய்விட்டது. பழைய வீடியோ கேம் கேசட்டை எடுத்து ஊதினால் கேம் ஓடும் என்ற நம்பிக்கைக்கும் இடம் கொடுப்பேன். ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பட்டு உள்ளே இருக்கும் உலோக முனைகள் துருப்பிடிக்கும் என்று அதைத் தயாரித்த நின்டென்டோ நிறுவனமே சொன்னது. கழற்றி மறுபடி சரியாக மாட்டியதால்தான் ஓடியது. உலகம் முழுக்க ஊதினோம், அதனால் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் நம் கரடி. இங்கேதான் சிக்கல். ஐந்து ரோடு பக்கத்துக் கடைகளில் நாங்கள் பேசியதை எந்தப் பத்திரிகை எழுதியது? ஒரு வரிகூட இல்லை. 2011-ல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அமைப்பின் ஆதரவோடு ஒரு முயற்சி நடந்தது. மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வடக்கு சோத்தோ ஆகிய மொழிகளில், புத்தகத்தில் இல்லாத விஷயங்களை மக்கள் வாயாலேயே பதிவுசெய்து அதையே மேற்கோளாக வைத்தார்கள். கேரளத்துப் பிள்ளைகள் ஆடும் டப்பா களி எல்லாம் அப்படி வந்ததுதான். பெரிய விவாதம் நடந்தது, அந்த வழி பொது விதியாக ஆகவில்லை.

ஆனால் வதந்திக்கு இந்த வழி இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பது என் கட்சி. கரடி இருந்தது என்று யாரும் நிரூபிக்கப் போவதில்லை. இருந்ததாகச் சேலத்துப் பையன்கள் பேசிக்கொண்டார்கள் என்றுதான் நிரூபிக்க வேண்டும். அதற்கு அந்தப் பையன்களின் வாயைவிடப் பெரிய சான்று எது? இருந்தாலும் நானே பேட்டி எடுத்து, நானே வீடியோ போட்டு, அதையே காட்டி நானே கட்டுரை எழுதினால் அது சொந்த ஆய்வு, விக்கிப்பீடியா அதை ஏற்காது. எழுதிய வேகத்தில் நீக்கிவிடுவார்கள், நீக்குவதுதான் நியாயம். அதுவும் காந்தி கதையைப் பார்த்த பிறகு.

அதனால் தம்பி, இப்போதைக்குக் கரடிக்குக் கட்டுரை கிடையாது. பிக்ஃபுட் கட்டுரையில் ஓரமாக ஒரு வரி சேர்ப்பதும் கிடையாது. முதலில் பதிவு. அந்தக் காலத்தில் சேலத்தில் ஆடியவர்கள் குரல் பதிவாக அனுப்புங்கள். எந்த வருஷம், எந்த ஏரியா, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று மூன்றும் இருக்கட்டும். கடைப் பெயர், ஆள் பெயர் வேண்டாம். ஓரளவு சேர்ந்ததும் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் துறைக்கு எழுதிப் பார்க்கப் போகிறேன். அவர்களில் ஒருவர் ஆராய்ந்து எங்காவது அச்சில் வெளியிட்டால், அப்புறம் கட்டுரையைப் பற்றிப் பேசலாம்.

முக்கியமாக, கரடி இல்லை, வேறு ஏதோ வரும் என்று கேள்விப்பட்டவர்கள் முதலில் அனுப்புங்கள். ஆத்தூர்ப் பக்கம் அது காட்டெருமை என்று ஒருவர் சொன்னார். மேட்டூர்க்காரர்கள் என்ன சொல்லிக்கொண்டீர்கள் என்று தெரிந்தாக வேண்டும்.