ஏமாந்தவர் வாய் திறக்கட்டும்

அனைவருக்கும் வணக்கம்.

சைபர் குற்றங்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். கணினி நுட்பம் நிறைய வருமோ என்று சிலர் தயங்கியிருக்கலாம். அதிகம் வராது. இந்தக் குற்றங்களில் பெரும்பாலானவை நம் பயத்தையும் பாசத்தையும் அவசரத்தையும் வைத்துத்தான் நடக்கின்றன.

2000ஆம் ஆண்டு மே மாதம் உலகமெங்கும் லட்சக்கணக்கான கணினிகளுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. தலைப்பு, 'ஐ லவ் யூ'. காதல் கடிதம் என்ற பெயரில் ஒரு கோப்பு. திறந்தவரின் படங்களையும் மற்ற கோப்புகளையும் அது நாசமாக்கியது. அவருடைய முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. தெரிந்தவரிடமிருந்து வந்த கடிதம்தானே என்று அவர்களும் திறந்தார்கள். அதை எழுதியவர் பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞர். தண்டிக்க அந்த நாட்டில் அப்போது சட்டமே இல்லாததால் வழக்கு நிற்கவில்லை.

இன்று வேடம் மாறியிருக்கிறது, வழி அதேதான். 2024 பிப்ரவரியில் ஹாங்காங் காவல்துறை ஒரு வழக்கைப் பற்றிச் சொன்னது. ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியருக்கு ரகசியப் பணப் பரிமாற்றம் என்று ஒரு செய்தி வருகிறது. அவருக்குச் சந்தேகம் தட்டுகிறது. ஆனால் அடுத்து வந்த வீடியோ கூட்டத்தில் தலைமை நிதி அதிகாரியும் தெரிந்த சக ஊழியர்களும் முகம் காட்டிப் பேசுகிறார்கள். சந்தேகம் தீர்ந்து பணத்தை அனுப்பிவிடுகிறார். போனது 20 கோடி ஹாங்காங் டாலர். அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர மற்ற முகங்கள் எல்லாம் டீப்ஃபேக், கணினியில் உருவாக்கிய போலிகள்.

அந்த ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் நம்பித்தான் மனிதர்கள் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறார்கள். இனி அது மட்டும் போதாது என்பதைத்தான் நாம் பழக வேண்டியிருக்கிறது.

பழகுவது எப்படி? மோசடிக்காரர் பேசும் விதத்தைக் கவனியுங்கள். காவல்துறை என்பார், வங்கி என்பார், விபத்தில் சிக்கிய மகன் என்றுகூட அவன் குரலிலேயே பேசுவார். கதை எதுவானாலும் இரண்டு கட்டளைகள் வரும்: உடனே செய், யாரிடமும் சொல்லாதே. சில சமயம் அழைப்பைத் துண்டிக்கவே கூடாது என்று மணிக்கணக்கில் பிடித்து வைப்பார்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவர் "யாரு போன்ல?" என்று கேட்டாலே அந்தக் கதை ஆட்டம் கண்டுவிடும். அதனால்தான் உங்களைத் தனிமைப்படுத்தப் பார்க்கிறார்கள். ஆகவே இந்த இரண்டு கட்டளைகள் காதில் விழுந்ததும் அழைப்பைத் துண்டியுங்கள். மரியாதைக் குறைவாகுமே என்று யோசிக்காதீர்கள். அப்புறம் உங்கள் வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கோ, மகனின் பழைய எண்ணுக்கோ நீங்களே அழைத்துக் கேளுங்கள். வந்த எண்ணுக்குத் திருப்பி அழைக்காதீர்கள். குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்வதும் நல்லது. குரலைப் போலி செய்பவருக்கு அது தெரியாது.

நுட்பமான விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021இல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் பல நாட்கள் நின்றுபோனது. அந்த நிறுவனத்தின் கணினிகளில் ஊடுருவியவர்கள் உள்ளே வந்தது, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய கணக்கின் பாஸ்வேர்டு வழியாக. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு போனுக்கு வரும் எண் போன்ற இன்னொரு சான்றையும் கேட்பது, அதற்கு இல்லை. எனவே முதலில் உங்கள் மின்னஞ்சல் கணக்குக்கு அந்தச் சரிபார்ப்பைப் போடுங்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை எல்லாம் அதன் வழியாகத்தானே மாற்ற முடிகிறது! போனும் கணினியும் அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் பிரிட்டனின் மருத்துவமனைகளைத் திணறடித்த வானாக்ரை வைரஸைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஒருவர் ஏமாறலாம். களைத்திருக்கும் நேரத்தில், பயந்திருக்கும் நேரத்தில் யாரும் ஏமாறலாம். பறித்த பணத்தை இவர்கள் ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. பலருடைய கணக்குகளுக்குப் பிரித்து, கிரிப்டோ என்ற இணைய நாணயமாக மாற்றி, எல்லை தாண்டி அனுப்பிவிடுகிறார்கள். வங்கிக்கும் காவல்துறைக்கும் உடனே சொன்னால் வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஏமாந்தவர் வெட்கத்தில் நாட்கணக்கில் மறைக்கிறார். அந்த வெட்கத்தை அவருக்குக் கொடுப்பது நாம்தான். "படிச்ச ஆளு, இதுகூடத் தெரியாதா?" என்கிறோமே, அது திருடனுக்கு நாம் செய்யும் உதவி. அப்பா பணத்தை அனுப்பிவிட்டதாகச் சொன்னால், ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்காதீர்கள். எப்போது அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டே வங்கிக்கு அழையுங்கள்.

அந்தரங்கப் படங்களை வைத்து மிரட்டப்படும் பிள்ளைகளின் நிலை இதைவிடக் கொடுமை. மிரட்டுபவனின் ஒரே பலம், பெற்றோருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அந்தப் பயம்தான். பணம் கொடுத்தால் மறுபடி கேட்பான். பிள்ளை நம்மிடம் வந்து சொல்லிவிட்டால் அந்தப் பலம் போய்விடும். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் படங்களைத் தளங்களிலிருந்து நீக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. கைரேகை போன்ற அதன் எண்வடிவ அடையாளம் மட்டும் போகும். பெரியவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இதே போன்ற சேவை இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பணம் இழந்தவர்களுக்குச் பிறகு இன்னொரு அழைப்பு வரலாம்: "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் மட்டும் கட்டுங்கள்." அது அதே கும்பலாக இருக்கலாம், அல்லது அவர்களிடம் ஏமாந்தவர்களின் பட்டியலை வாங்கியவர்களாக இருக்கலாம். அதற்கு ஒரு காசும் கட்டாதீர்கள். பழைய குறுஞ்செய்திகளையும் பரிமாற்ற எண்களையும் அழிக்காமல் வைத்திருந்து புகாரோடு கொடுங்கள்.