பதவி முடிந்த பின் அறிமுகமானவர்கள்

(ஓய்வுபெற்றோர் மன்றமொன்றின் ஆண்டு நினைவேந்தல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, மன்றத்தின் செயலர் அவர்களே, மறைந்த உறுப்பினர்களின் குடும்பங்களிலிருந்து வந்திருக்கும் அன்பர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டில் நம்மை விட்டுப் பிரிந்த ஏழு பேரின் பெயர்களையும் செயலர் வாசித்தார். நாமும் எழுந்து நின்று அமைதி காத்தோம். உட்கார்ந்திருந்தே அஞ்சலி செலுத்தலாம் என்று அவர் அறிவித்த பிறகும், முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாவது நிற்போம் என்று பலர் எழுந்ததை மேடையிலிருந்து பார்த்தேன். அந்தப் பெயர்களை நான் மீண்டும் சொல்லப் போவதில்லை. அவர்களைப் பற்றிச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

இந்த உரைக்காக மன்றத்தின் பழைய தீர்மானப் புத்தகங்களைச் செயலரிடம் கேட்டு வாங்கிப் படித்தேன். அவற்றிலுள்ள இரங்கல் தீர்மானங்களை மட்டும் அடுத்தடுத்துப் படித்துக்கொண்டு போனால், ஒரு பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு பெயரை எழுதினாலும் தீர்மானம் பொருந்திப் போகும் என்பது விரைவிலேயே புரிந்துவிடுகிறது. எல்லோரும் பழகுவதற்கு இனியவர்கள். எல்லோரும் மன்றத்தின் வளர்ச்சிக்கு அரும்பாடுபட்டவர்கள். எல்லோருடைய மறைவும் ஈடுசெய்ய முடியாத இழப்பு. மின்விசிறி ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதற்காகப் பல ஆண்டுகள் அறையிலிருந்த அத்தனை பேரோடும் மல்லுக்கு நின்ற ஒருவரும் அந்தப் புத்தகத்தில் பழகுவதற்கு இனியவராகவே இருக்கிறார். எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவற்றில் இரண்டு தீர்மானங்கள் என் கையெழுத்தில் உள்ளவை.

ஆளுக்கு ஆள் மாறுகிற பகுதி ஒன்றே ஒன்றுதான், அது வகித்த பதவிகளின் பட்டியல். இன்ன துறையில் சேர்ந்தார், இன்ன நிலைக்கு உயர்ந்தார், இத்தனை ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றார் என்று அது விரிவாகவே எழுதப்பட்டிருக்கும், ஏனென்றால் குடும்பத்தாரிடம் கேட்டால் முதலில் கிடைக்கும் தகவல் அதுதான். ஆனால் நண்பர்களே, அந்தக் காலத்தை நம்மில் யார் பார்த்தோம்? அவர் கையெழுத்திட்ட கோப்புகளை நாம் பார்க்கவில்லை. அவர் அறைக்கு வெளியே காத்து நின்றதும் இல்லை. நம்மிடம் வந்து சேர்ந்தபோது அவருடைய பெயருக்கு முன்னால் ‘முன்னாள்’ என்ற சொல் ஏறியிருந்தது. அவருடைய வாழ்க்கையில் நாம் காணாத நாற்பது ஆண்டுகளைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு பக்கம் எழுதுகிறோம். கூடவே இருந்து கண்ட பதினைந்து ஆண்டுகளைப் பற்றி ‘இனியவர்’ என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறோம்.

ஓய்வுக்காலம் என்ற ஒரு தனிப் பருவமே மனித வரலாற்றில் மிகவும் புதியது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பிஸ்மார்க்கின் ஜெர்மனி 1889இல் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தை இயற்றியபோது, அதைப் பெறுவதற்குரிய வயது 70 என்று வைத்தது. 1916இல்தான் அது 65 ஆகக் குறைந்தது. அந்த வயதை எட்டியவர்கள் அன்று குறைவு, எட்டியவர்களுக்கும் எஞ்சியிருந்தது பெரும்பாலும் சில ஆண்டுகளே. இன்று அறுபதைக் கடந்த ஒருவருக்கு முன்னால் இருபது ஆண்டுகள் கிடப்பது வியப்புக்குரிய செய்தி அல்ல. புதிதாக ஒருவரோடு பழகவும், பகைக்கவும், மறுபடி பேசிக்கொள்ளவும் போதுமான நீளம் அது. 1960களின் நடுவில் இங்கிலாந்தில் தோன்றிப் பின்னர் பல நாடுகளுக்கும் பரவிய புரோபஸ் மன்றங்கள் ஓய்வுபெற்றவர்களுக்கென்றே ஏற்பட்டவை. புரொஃபஷனல், பிசினஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் தொடக்க எழுத்துகளைச் சேர்த்து அந்தப் பெயரை அமைத்தார்கள். உள்ளே வருகிறவர் முன்பு என்னவாக இருந்தார் என்பதைப் பெயர்ப்பலகையே சொல்லிவிடுகிறது. உள்ளே வந்த பிறகு அவர் என்னவாக ஆனார் என்பதை எந்தப் பலகையும் சொல்லாது. அதை அங்கே உட்கார்ந்திருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் வாசிப்பறையில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். மறைந்த ஏழு பேரில் ஒருவர், நூற்றுக்கணக்கானோர் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றவர். நாள்தோறும் எல்லோருக்கும் முன்னதாக வந்து, முந்தைய நாள் செய்தித்தாள்களின் கலைந்த தாள்களைப் பக்க எண்படி அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தி, இடது விளிம்பில் இரண்டு இடங்களில் ஊசி குத்தி வைப்பார். ஒரே ஊசி குத்தினால் தாள் சுழலும் என்பது அவருடைய கட்சி. யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. யாரும் அதைக் கவனித்ததாகவும் நினைவில்லை. அவர் மருத்துவமனையில் சேர்ந்த வாரத்தில் விளையாட்டுப் பக்கம் ஒருவர் கையிலும், அதன் தொடர்ச்சி இன்னொருவர் கையிலும், தலையங்கம் மேசைக்கு அடியிலுமாகக் கிடந்தபோதுதான், இத்தனை ஆண்டுகளாக அந்தத் தாள்கள் தாமாக ஒழுங்காக இருந்துவிடவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தபோது இதை அவருடைய மகளிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பாவா? வீட்டில் படித்த பேப்பரைப் படித்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போவார் சார். நாங்கள்தான் பொறுக்கி வைப்போம்” என்றார். அழுதுகொண்டிருந்தவர் அதைச் சொல்லும்போது சிரித்தார். தந்தையை ஐம்பது ஆண்டுகளாக அறிந்த மகளுக்குத் தெரியாத ஒருவர் நம் வாசிப்பறையில் இருந்திருக்கிறார். அவரைப் பற்றிய சாட்சியம் நம்மிடம் மட்டுமே இருக்கிறது. நாம் சொல்லாமல் விட்டால் அதைச் சொல்ல வேறு ஆளில்லை.

மறைந்த உறுப்பினர்களைப் பற்றி எழுதுவதையே ஒரு கலையாக வளர்த்தவர் ஒருவர் உண்டு. பாரிஸ் அறிவியல் கழகத்தின் செயலராக 1697இல் பொறுப்பேற்ற ஃபொந்தனெல், கழக உறுப்பினர்கள் மறையும்போதெல்லாம் அவர்களைப் பற்றிப் புகழுரை எழுதி அவையில் வாசித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அப்பணியில் அவர் எழுதியவை ஏறத்தாழ எழுபது. கண்டுபிடிப்புகளை விளக்குவதோடு நில்லாமல், அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பதையும் எழுத வேண்டும் என்று அவர் கருதினார். அந்தக் கழகத்தின் வெளிநாட்டு உறுப்பினராக இருந்த நியூட்டன் 1727இல் மறைந்தபோது, நியூட்டனின் சகோதரி மகளை மணந்திருந்த ஜான் காண்டூயிட் எழுதியனுப்பிய குறிப்புகளைக் கொண்டுதான் ஃபொந்தனெல் தம் உரையை அமைத்தார். வந்து சேர்ந்த உரை காண்டூயிட்டுக்கு நிறைவளிக்கவில்லை என்பது வேறு விஷயம்; இரங்கலுரை எழுதியவர்கள் எல்லோரும் அறிந்த அனுபவம்தான் அது. இத்தனை பேரின் மறைவையும் எழுதிய ஃபொந்தனெல், தம் நூறாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில் 1757இல் காலமானார். நம் மன்றத்திலும் நீண்ட காலம் செயலராக இருந்து, முப்பதுக்கும் மேற்பட்ட இரங்கல் குறிப்புகளை எழுதியவர் ஒருவர் இருந்தார். அவர் போனபோது எழுதத் தெரிந்தவர் யாரும் மிஞ்சவில்லை; அவருக்கான குறிப்பு மூன்றே வரி. அதில் ஒரு வரி அவருடைய பதவி.

இந்த ஆண்டு நம்மைப் பிரிந்தவர்களில் ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. கைபேசி கைக்கு வந்தும் அதைப் பயன்படுத்தத் தெரியாமல், பேரப்பிள்ளைகளிடம் மூன்றாம் முறை கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சிறிய நோட்டுப் புத்தகத்தில், பெரிய எழுத்துகளில், படிப்படியாக எழுதிக் கொடுத்தவர் அவர். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குப் பார்த்து எழுதமாட்டார். அவரவர் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் தெரிவது எதுவோ அதைத்தான் எழுதுவார். என்னுடைய புத்தகத்தை இங்கே கொண்டு வந்திருக்கிறேன். நான்காவது பக்கத்தில் இப்படி இருக்கிறது: “பச்சை வட்டத்தை மேலே தள்ளவும். அழுத்த வேண்டாம், தள்ளவும். அவசரப்பட வேண்டாம், அவர்கள் காத்திருப்பார்கள்.” நான் ஒவ்வோர் அழைப்பையும் பதற்றத்தில் துண்டித்துவிடுவதைப் பார்த்து, எனக்காகச் சேர்த்த வரி அது. ஆனால் வாசற்படியில் அவருக்கு யாராவது கை கொடுக்கப் போனால் முகம் சுளிப்பார். உதவி பெறுவது அவருக்குப் பிடிக்காத காரியம். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அவர்.

இங்கே ஒரு சங்கடம் எழும். மறைந்தவரின் குறையைச் சொல்லலாமா? பழி தூற்றக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு மனிதரின் முரட்டு ஓரங்களையெல்லாம் சீவிவிட்டால் மிஞ்சுவது அவருடைய படமாக இருக்காது. ஒவ்வோர் ஆண்டுப் பொதுக்குழுவிலும் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, சில்லறைச் செலவுக்கெல்லாம் ரசீது கேட்டு, கூட்டத்தை ஒரு மணி நேரம் நீட்டிய அன்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர் மேல் எனக்கிருந்த எரிச்சலை இப்போது மறைப்பதில் பொருளில்லை. இவ்வாண்டுக் கணக்கை முடித்துக்கொண்டிருந்த பொருளாளர் என்னிடம், “கேட்க ஆள் இல்லை சார், இருந்தாலும் கை தானாக ரசீதை ஒட்டுகிறது” என்றார். அவருக்கு அதைவிடப் பொருத்தமான இரங்கல் தீர்மானத்தை நான் எழுதிவிட முடியாது.

எல்லோரையும் இப்படி நினைவுகூர நம்மால் முடிவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழு பேரில் ஒருவர் உறுப்பினராகி மூன்று முறை மட்டுமே வந்தவர். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்து மூன்று இடங்களில், மூன்றும் தெளிவாக, முழுப்பெயரோடு இருக்கிறது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

முதுமையில் தன் இளமையை எண்ணிப் பார்க்கும் ஒரு கிழவரின் பாட்டு புறநானூற்றில் 243ஆம் பாடலாக இருக்கிறது. மருதமரக் கிளையேறி, கரையில் நின்றவர்கள் மருளும்படி ஆழ்ந்த மடுவில் துடுமெனக் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளி வந்து காட்டிய அந்தப் பிள்ளைப் பருவம் இப்போது எங்கே போயிற்றோ என்கிறார் அவர். பூண் பிடித்த தடியை ஊன்றி நடுங்கிக்கொண்டு, இருமலுக்கு இடையே சில சொற்களாகச் சொல்கிறார். பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தடியைப் பற்றிய அவருடைய சொற்றொடரையே பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். ஊர், தொழில், வகித்த பொறுப்பு எல்லாம் போய்விட, கையில் இருந்த தடி மட்டும் இரண்டாயிரம் ஆண்டுக் காலத்தைத் தாண்டி வந்திருக்கிறது. நம் தீர்மானப் புத்தகத்தில் தடிக்கு இடமே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மறைந்த பிறகு குறிப்புத் திரட்டுவதை விட்டுவிட்டு, இருக்கும்போதே கேட்டு எழுதத் தொடங்குவோம். பழையதையே பேசிக்கொண்டிருப்பது மூளைத் தளர்ச்சியின் அடையாளம் என்ற எண்ணம் வலுவாக இருந்த காலத்தில், அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், முதுமையில் ஒருவர் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பான செயல் என்று வாதிட்டார். நாம் மாதம் ஒருவரை உட்கார வைத்து அரை மணி நேரம் கேட்கலாம். பணி வரலாற்றைத் தவிர எதை வேண்டுமானாலும் கேட்கலாம்: இந்த அறைக்குள் முதல் நாள் எந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள், ஏன் அதை விட்டு மாறினீர்கள், இங்கே யாரோடு பேச்சு நின்றது, எப்படி மீண்டும் தொடங்கியது. இதை நிர்வாகக் குழுவில் சொன்னபோது ஒரு மூத்த உறுப்பினர், “இப்போதே எழுதி வைத்துவிட்டுப் பிறகு காத்துக்கொண்டிருப்பீர்களா?” என்று கேட்டார். சிரித்தோம், அடுத்த வாரம் அவரே வந்து முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார். இருவர் நினைவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இரண்டையும் எழுதி வைப்போம். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லும் வேலை நமக்கு வேண்டாம். அதில்தான் இந்த மன்றத்தின் பாதி சண்டைகள் பிறந்தன.

என் பேச்சு இவ்வளவுதான். அடுத்து, செய்தித்தாள்களை அடுக்கி வைத்த நம் நண்பரைப் பற்றி, அவரோடு ஒன்பது ஆண்டுகள் சதுரங்கம் ஆடிப் பெரும்பாலும் தோற்றவர் என்று தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்ளும் அன்பர் பேசுவார். அவருடைய பதவியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரி சார், எனக்கும் அது தெரியாது என்றார். மேடைக்கு வாருங்கள், ஐயா.