ரயில்வே வேலையும் ராத்திரி நூலகமும்

(உசிலம்பட்டியில் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, காலையிலிருந்து நின்றபடியே ஏற்பாடுகளைக் கவனித்த நூலகர் அம்மா அவர்களே, மாணவர்களை அழைத்து வந்திருக்கும் ஐடிஐ ஆசிரியர்களே, ஊராட்சி மன்றத் தலைவர்களே, ஓய்வுபெற்ற லோகோ பைலட் அண்ணன் அவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் நான் நன்றி மறந்தவன் ஆவேன். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மதுரை–போடி ரயில் பாதையை மூடினார்கள். அன்றிலிருந்து மனு எழுதி மனு எழுதி அலைந்தவர் அவர். 2022 மே மாதம் தேனி வரைக்கும், அடுத்த ஆண்டு ஜூனில் போடி வரைக்கும் ரயில் ஓடியது. முதல் ரயில் உசிலம்பட்டிக்குள் நுழைந்தபோது, கையில் மாலையோடு பிளாட்பாரத்தில் நின்று அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவருக்கு இன்னொரு மனு பாக்கி இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ரயில்வேக்குள் நுழைய என்னென்ன வழி, அதற்கு எப்படிப் பழகுவது, அப்புறம் படிக்க நமக்கு எங்கே இடம்.

நம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கிற வழி ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையம். கே.புதூரில் அரசு ஐடிஐ இருக்கிறது. பிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் முடித்தவர்கள் பொன்மலை, பெரம்பூர் ரயில்வே பணிமனைகளில் அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராகச் சேர விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு கிடையாது; பத்தாம் வகுப்பு மார்க்கும் ஐடிஐ மார்க்கும்தான் கணக்கு. அப்ரண்டிஸ் முடித்தால் வேலை தானாக வந்துவிடாது, இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் முன்பு குரூப் டி என்றோமே, அந்த லெவல் 1 என்கிற அடிநிலை வேலைகளில் 20 சதவீத இடம் அவர்களுக்கு ஒதுக்கீடு. அதோடு, சுத்தியல் பிடித்துப் பழகிய கையும் மிச்சம்.

நான் மதுரைக் கோட்டத்தில் டிராக்கில் சேர்ந்த புதிதில் பாதையை நடந்தே சோதிக்கிற ஒரு கீமேனோடு நடக்க விட்டார்கள். அவர் போகிற போக்கில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற கிளிப்பைச் சுத்தியலால் தட்டுவார். 'ணங்' என்றால் நடப்பார். 'டொப்' என்றால் நின்று குனிவார். எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. வித்தியாசம் பிடிபட ஆறு மாதம் ஆயிற்று. "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம், வாடா" என்பார். 34 வருஷமாக அந்த வார்த்தை என் கூடவே வருகிறது.

லோகோ பைலட், அதாவது ரயில் ஓட்டுநர் ஆக வேண்டுமென்றால், முதலில் உதவி லோகோ பைலட் தேர்வு. பத்தாம் வகுப்போடு ஐடிஐ, அல்லது டிப்ளமோ வேண்டும். முதல் இரண்டு கட்டக் கம்ப்யூட்டர் தேர்வையும் தமிழிலேயே எழுதலாம். ஆனால் கண்ணாடி இல்லாமல் கண் முழுப் பார்வையோடு இருக்க வேண்டும், நிறக்குருடு இருக்கக் கூடாது. இரண்டு வருஷம் படித்துவிட்டு மெடிக்கல் டெஸ்டில் வெளியே வந்து அழுத பையன்களைப் பார்த்திருக்கிறேன். படிக்க உட்காரும் முன்பே கண்ணைக் காட்டுங்கள். மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? தேர்வானபின் இன்ஜினில், சிக்னல் தெரிந்ததும் உதவியாளர் கை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்லுவார். பைலட் அதைத் திருப்பிச் சொல்லுவார். ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு வருகிற வண்டியில் இரண்டு பேர் இப்படிச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். கைப்பழக்கமும் நாப்பழக்கமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

இப்போது செக்கானூரணிப் பக்கத்து ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா இல்லை, அம்மா நூறு நாள் வேலை. லெவல் 1 எழுதப் போகிறேன் என்றதும், "சல்லி அள்ளுற வேலை பொம்பளப் பிள்ளைக்கா?" என்றார்கள். உடல்திறன் தேர்வில் பெண்கள் 20 கிலோவைக் கீழே வைக்காமல் 2 நிமிடத்தில் 100 மீட்டர் கொண்டுபோக வேண்டும். 1000 மீட்டரை 5 நிமிடம் 40 விநாடியில் ஓட வேண்டும். ஒரே வாய்ப்புதான். ஆண்களுக்கு 35 கிலோ, 4 நிமிடம் 15 விநாடி.

20 கிலோவுக்கு எங்கே போவது? ரேஷன் அரிசி வீட்டில் இருந்தது. அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் கண்மாய்க் கரைக்குப் போனாள். அப்பத்தாவுக்கு செல்போனில் நேரம் பார்க்கத் தெரியாது. அதனால் வாய்விட்டு எண்ணினார்: ஒண்ணு, ரெண்டு, மூணு. நூற்றிருபதுக்குள் பிள்ளை புளியமரத்தைத் தொட வேண்டும். முதல் நாள் பாதியிலேயே மூட்டை இறங்கிவிட்டது. பத்தாம் நாள் மரத்துக்கு நாலு எட்டு முன்னால் மூட்டை பிரிந்து அரிசி மண்ணில் கொட்டியது. கேலி பேசிக்கொண்டு நின்ற பெண்களே முந்தானையில் அள்ளிப் போட்டார்கள். மறுநாளிலிருந்து அப்பத்தாவோடு சேர்ந்து அவர்களும் எண்ணினார்கள். இன்று அந்தப் பெண் தண்டவாளத்தைப் பராமரிக்கிற டிராக் மெயின்டெய்னர். காலையில் ரயில் பாதையில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

ஓடிப் பழகக் கண்மாய்க் கரை இருந்தது. படிக்க? ஒரே அறை வீடு, பக்கத்து வீட்டு டிவி சத்தம். அவள் வேலை முடிந்து வரும்போது நூலகம் பூட்டியிருக்கும். பஸ் ஸ்டாப் விளக்கடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். தேர்வு நடப்பது கம்ப்யூட்டரில். முதல் தேர்வுக்குப் போன அன்றுதான் அவள் முதன்முதலாக மவுஸைத் தொட்டாள். சித்திரம் கைப்பழக்கம் என்றால், பழக ஒரு கருவி வேண்டாமா?

மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் மாலை ஆறு மணிக்குப் பருத்திக் காட்டிலிருந்து வருகிற பிள்ளை அங்கே போய்ப் படித்துவிட்டு, எந்த பஸ்ஸில் திரும்புவாள்?

நூலகம் இருட்டாக இருக்கிற இடத்தில்தான் புரோக்கர் வருகிறான். ரயில்வே தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். முதல் தேர்வை எழுதினால் அதில் 400 திரும்பி வரும். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 250 ரூபாய். எழுதினால் அதுவும் திரும்பி வரும். வங்கிக்காரன் பிடிக்கிற சில்லறை மட்டும் குறையும். அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்கிறவன் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரன். நகையை அடகு வைக்காதீர்கள்.

தலைவர் ஐயா அவர்களே, ரயிலுக்கு மனு எழுதிய அதே பேனாவை எடுங்கள். இந்த வட்டாரத்துக் கிளை நூலகங்கள் இரவு ஒன்பதரை வரை திறந்திருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு கம்ப்யூட்டர் வேண்டும். மனுவை எழுதி வாசலில் மேஜை மேல் வைத்திருக்கிறேன், பேனாவும் கட்டியிருக்கிறது. கிராமத்துப் பெயரையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.